சிறுதேரும் சிந்தைக் கோயிலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் ஆவடியைக் கடந்து மேற்கே சென்றால், சிறிது நேரத்தில் திருநின்றவூர் வந்து சேரும். ஆங்கிலேயர் நாவில் இவ்வூர்ப் பெயர் தேய்ந்து 'தின்னனூர்' என்றாயிற்று. புகைவண்டி நிலையத்திற்கும் நெடுங்காலம் அப்பெயரே வழங்கி வந்தது. திருமகள் வந்து நின்ற ஊர் ஆதலால் திருநின்றவூர் ஆயிற்று என்பது வைணவர் போற்றும் வரலாறு. சைவ உலகிலோ இவ்வூர் பூசலார் நாயனாரின் ஊராக விளங்குகின்றது.

பூசலார் சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட விரும்பினார். பொருள் தேடி எங்கும் அலைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காமற் போகவே, மனத்திற்குள்ளேயே கோயில் எழுப்பத் துணிந்தார். இந்த அளவோடு கதை நின்றிருந்தால் அது வெறுங் கனவாய் முடிந்திருக்கும். ஆனால், பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், தம் பெரியபுராணத்தில் அந்த மனக் கோயில் எழுந்த முறையைப் படிப்படியாக எடுத்துரைக்கின்றார். பூசலார் முதலில் மனத்தாலேயே பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார், வேண்டும் சாதனங்களைத் திரட்டினார், தச்சரை அழைத்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் கண் துயிலாது வேலை நடந்தது. உபானம் முதலாக ஒவ்வொரு வரிசையும் முறைப்படி எழுந்தது. சிகரத்தைக் குறித்த முழக் கணக்கிற் பிசகாமல் முடித்தார். தூபி நட்டார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் வளைத்தார், குளமும் எடுத்தார்.

எவரும் காணப்போவதில்லை என்று தெரிந்திருந்தும், அந்தக் கோயிலுக்கு முழக் கணக்கு எதற்கு? மனத்தில் எழும் மதிலுக்கு அடிநிலை எதற்கு? இக்கேள்விக்குரிய விடையே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நாடி.

நேயர்களே! சமய விளக்கம் செய்ய நான் இங்கு வரவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் இளைஞர் பலர் மோட்டார்க் கார், லாரி, பேருந்து ஆகியவற்றின் சிற்றளவு மாதிரிகளைச் செய்து மகிழ்கின்றனர். மரத்திலும், தகரத்திலும், அட்டையிலும், பிளாஸ்டிக்கிலும் அவர்கள் கைவண்ணம் வெளிப்படுகின்றது. திருநின்றவூரைச் சூழ்ந்த நிலப்பகுதியும் வண்டித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னகத்தின் முதற் புகைவண்டி ஓடியது இவ்வூரின் வழியாகத்தான். 1949இல் தொடங்கிய மிதிவண்டித் தொழிற்சாலை அம்பத்தூரிலும், 1955இல் திறக்கப்பெற்ற இரயில்பெட்டித் தொழிற்சாலை பெரம்பூரிலும் அமைந்தன. 1961இல் நிறுவப்பெற்ற ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. இத்தகைய நாட்டில் வளரும் சிறுவர் வண்டிகளின் மேல் ஆசை கொள்வது இயல்பே. அவர்கள் செய்யும் மாதிரிகளில் நுண்விவரங்கள் பிழையின்றி அமைய வேண்டுவது ஏன் என்பதே இன்றைய பேச்சு.

வண்டியைச் சிறிதாக்கிச் செய்யும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. சங்க நூல்களுள் ஒன்றாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைக் கூறுகின்றது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் ஏறிச் செல்ல இயலாத சிறு தேர் ஒன்று உருள்கின்றது. தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி செய்யப்பட்ட தேர் என்று பொருள் கொள்ளுமாறு அந்நூலின் தொடர் அமைந்துள்ளது. இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். தேர் எப்படி இருக்கும் என்று அறியாத குழந்தைக்கு எந்த உருளையும் தேர்தான். நாள்தோறும் தேர் செய்வாரைப் பார்த்து வளர்ந்த சிறுவனோ ஆரத்தையும் அச்சையும் குடத்தையும் அறிவான். அவன் விரும்பும்படி ஒரு சிறுதேர் அமைய வேண்டுமானால், அதன் உறுப்புகள் உண்மைத் தேரின் உறுப்புகளை ஒத்திருத்தல் வேண்டும் அன்றோ? மாதிரி செய்வோன் அஞ்ச வேண்டிய நீதிபதி, மூல வண்டியோடு பழகியவனே.

இத்தகைய சிறு பொருள்கள் வரலாற்றுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. சிந்து வெளியில் ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் ஓடிய மரவண்டிகள் மண்ணோடு மண்ணாகி மறைந்துபோயின. ஆனால், ஆரப்பாவிலும் மொகெஞ்சதாரோவிலும் சுட்ட களிமண்ணால் ஆகிய சிறு வண்டிகளும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அக்கால வண்டியின் சட்டம் எவ்வாறு அமைந்தது, சக்கரம் ஆரமின்றி எவ்வாறு திரண்டிருந்தது, அதன் நடுவே குடம் எவ்வாறு புடைத்து நின்றது என்பன பற்றி அறிஞர் பேசும்போது, அவர்களுக்குத் துணை நிற்பன இச்சிறு பொருள்களே. பெரிய வண்டி மறைந்தது. சிறிய வண்டி சாட்சி சொல்கின்றது. அதைச் செய்த கை அன்று மனம்போனபடி ஓர் உறுப்பை மாற்றியிருந்தால், அந்தப் பொய்யும் நாலாயிரம் ஆண்டு நின்று நம்மை ஏமாற்றியிருக்கும்.

இவ்வுண்மையை மாமல்லபுரத்திலும் காணலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றித் தான் கோயில் அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பெருமிதத்தோடு கூறுகின்றான். அவனுக்கு முன் கோயில்கள் அப்பொருள்களால் எழுந்தன என்பது அதனால் விளங்கும். அக்கோயில்கள் இன்று இல்லை. ஆயினும் மாமல்லபுரத்திலே, ஒற்றைக் கல்லிற் செதுக்கி நாம் 'இரதம்' என்று அழைக்கும் கோயில்களைப் பாருங்கள். திரௌபதி இரதத்தின் கூரை, ஓலையோ வைக்கோலோ வேய்ந்த குடிசையின் கூரையைப் போலக் கவிந்துள்ளது. ஏனைய இரதங்களில் மரக்கட்டடத்துக்குரிய உறுப்புகள் கல்லிலே அமைந்துள்ளன. கல்லுக்குக் கூரை வேய வேண்டியதில்லை. ஆயினும் சிற்பி தான் கண்ட வடிவத்தைக் கைவிடவில்லை. அதனால்தான், அழிந்துபோன மரக்கட்டடங்களின் முகத்தை இன்றும் நாம் ஒருவாறு காண்கின்றோம். தாராசுரத்தில் சோழர் காலத்து மண்டபம் ஒன்று குதிரை இழுக்கும் தேராய் நிற்கின்றது. அம்பியிலே விசயநகரத்தாரின் கல்தேர் நிற்கின்றது. இவையும் அவ்வக் காலத்துத் தேர்களை நினைவூட்டும் கல்லோவியங்கள்.

இனி, பெரியதைச் சிறியதாக்கும் முறையைப் பார்ப்போம். நம் சிற்ப நூல்கள் இதனை நன்கு அறிந்திருந்தன. எட்டு யவை கொண்டது ஒரு விரல். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு முழம் என்பது கட்டடத்திற்குரிய அளவு. படிமம் செய்யுங்கால் சிற்பிகள் மற்றொரு வழியை மேற்கொள்வர். செய்ய விரும்பும் உருவத்தின் உயரத்தையே சம பங்குகளாக வகுத்து, அப்பங்கு ஒன்றையே விரல் எனக் கொள்வர். நவதாள முறையில் உயரம் 108 பங்கு. உத்தம தசதாள முறையில் 124 பங்கு. உருவம் ஆளுயரம் ஆயினும் சாண் உயரம் ஆயினும் பங்குகளின் கணக்கு மாறாது. அளவு சுருங்கும்போது முகம், தோள், விரல் நுனி ஆகிய அனைத்தும் ஒரே விகிதத்திற் சுருங்கும். ஒன்று மட்டும் சுருங்க மறுத்தால் உருவம் கெடும்.

மேனாட்டு மாதிரிக் கலையின் அடிப்படையும் இதுவே. 1:24 என்றால், மூல வண்டியின் இருபத்துநான்கு பங்கில் ஒரு பங்கு. அடிக்கு அரை அங்குலம். 1:43 என்னும் அளவுக்கு ஒரு சுவையான பிறப்புக் கதை உண்டு. இங்கிலாந்தில் விளையாட்டு இரயில்கள் ஒரு வகை, அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கிற் செய்யப்பட்டன. 304.8 மில்லிமீட்டர் கொண்ட அடியை ஏழால் வகுத்தால் 43.5 வரும். இரயில் நிலையத்தின் வாயிலில் நிறுத்தச் சிறு கார்களும் லாரிகளும் வேண்டியிருந்தன. 1934 முதல் 'டிங்கி' என்ற பெயரால் வெளிவந்த உலோக வண்டிகள் அவ்வாறு இரயிலுக்குத் துணையாகப் பிறந்தவையே. நாளடைவில் துணை தனியாட்சி பெற்றது. 1:43 என்ற அளவும் உலகெங்கும் நிலைத்தது.

கணக்கை ஒரு காரில் வைத்துப் பார்ப்போம். நம் நாட்டுச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசிடர் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவு 2464 மில்லிமீட்டர். 1:24 அளவில் அது 102.7 மில்லிமீட்டர் ஆகும். இது எளிது. சங்கடம் சிறு இடங்களில்தான் தோன்றும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்து 5 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டர், ஒரு மெல்லிய கீறலே. அதை நாம் ஒரு மில்லிமீட்டர் அகலத்திற் கீறினால், மூல வண்டியிற் கதவோரத்தில் 24 மில்லிமீட்டர் சந்து விட்டதற்கு ஒப்பாகும். கட்டை விரலை நுழைக்கும் அளவு சந்துள்ள கார் எங்கேனும் உண்டா? வண்ணத்தைத் தடித்துப் பூசினாலும் இக்குற்றமே நேரும். இவ்வளவு சிறிய வேற்றுமையை யார் காணப்போகிறார்கள் என்று கைவேலைக்காரன் தன்னை ஏமாற்றிக்கொள்ளலாம். கண்ணோ ஏமாறாது. எங்கே பிழை என்று சொல்லத் தெரியாவிடினும், பார்ப்பவர் "ஏதோ பொம்மைபோல் இருக்கிறது" என்று கூறிவிடுவர்.

அளவு பிழைபடாமல் இருத்தல் முதற்படியே. காலமும் பிழைபடாமல் இருத்தல் வேண்டும். இதற்கு என் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். மென்மரத்திலும் தகரத்திலும் ஓர் அம்பாசிடர் காரைச் செய்து முடித்தேன். 1960களின் நடுவில் ஓடிய வாடகைக் கார் அது என்று எழுதிய அட்டையையும் அதன் அருகே வைத்தேன். பல நாள் உழைப்பு. பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். எங்கள் தெருவில் முதிய ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவர் அதைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, வேலை நன்றாக இருக்கிறது. ஆனால், இது நான் ஓட்டிய வண்டி அன்று" என்றார். "ஏன் ஐயா?" என்று கேட்டேன். "நம்பர் பலகையில் டி.என். 12 என்று எழுதியிருக்கிறாயே! அந்தக் காலத்தில் அந்த எழுத்து ஏது? எங்கள் வண்டிகளுக்கெல்லாம் எம்.எஸ். என்றுதான் தொடங்கும். முகப்புக் கிரில்லும் பின்னால் வந்த வண்டியினுடையது" என்றார்.

நான் நாணித் தலை குனிந்தேன். சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள். மாநில எழுத்து இரண்டும், அலுவலக எண்ணும் சேர்ந்து வரும் இன்றைய முறை 1989ஆம் ஆண்டு விதிகளின் வழி வந்தது. பூந்தமல்லிக்குரிய 12 என்ற எண்ணை 1960களின் காரில் எழுதிய நான், நான்கு எழுத்தில் இருபது ஆண்டு வரலாற்றைப் புரட்டிவிட்டேன். முகப்புக் கிரில்லும் அவ்வாறே. ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழியில் 1957இல் உத்தரபாராவிற் பிறந்த அம்பாசிடர், 1963இல் 'மார்க் 2' ஆனபோது புதிய முகம் பெற்றது. பின்வந்த வகைகளிலும் அம்முகம் மாறியது. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை ஒரே காராகத் தோன்றிய அது, உண்மையிற் பல கார்களின் வரிசை.

பிற நாட்டு வரைபடத்தைக் கண்மூடி நம்புவதும் இடர் தரும். சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரை எடுத்துக்கொள்வோம். அதன் மூலமாகிய ஆங்கில ஹெரால்டுக்கு இரண்டே பக்கக் கதவுகள். நம் நாட்டில் பெரிய குடும்பம் ஏறி இறங்க அது வசதியாக இல்லை. ஆதலால், 1960களின் இறுதியில் இங்கு நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு வெளிவந்தது. ஆங்கில நாட்டில் அவ்வகை செய்யப்படவே இல்லை. அந்த நான்கு கதவு ஹெரால்டைச் செய்ய விரும்பும் மாணவன் ஆங்கில வரைபடத்தை நம்பினால், நம் தொழிலாளர் செய்த மாறுதல் அவன் கையிலேயே மறைந்துபோகும். அந்த இரண்டு கதவுகள் சிறியனவே. ஆயினும், ஒரு நாடு பிறர் பொருளைத் தன் வாழ்வுக்கேற்ப மாற்றிக்கொண்ட வரலாறு அவற்றில் அடங்கியுள்ளது.

லாரியோ இன்னும் கடினமான பாடம். 1954இல் டாடா நிறுவனம் செர்மானிய டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அக்கூட்டு 1969இல் முடிவுற்றது. ஆகவே, முகப்பில் மூன்று முனை விண்மீன் உள்ளதா இல்லையா என்பதே ஒரு வண்டியின் காலத்தைக் காட்டக்கூடும். எண்ணூரில் 1948இல் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற தொழிற்சாலையின் வண்டிகளுக்கு வேறு முகம். இவை தொழிற்சாலையின் வேலை. நம் நாட்டில் லாரியின் பெரும்பகுதி தொழிற்சாலையில் உருவாகவில்லை. எஞ்சினும் சட்டமும் சக்கரமுமாக வெளிவந்த வண்டிக்கு, நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்ப் பட்டறைகளிலே பாடி கட்டினர். பேருந்துக்குக் கரூர் பெயர் பெற்றது. தச்சர், கொல்லர், வண்ணம் எழுதுவோர் ஆகியோரின் கை ஒவ்வொரு வண்டியிலும் வேறு வேறாய்ப் பதிந்தது. பலகை எத்தனை, கொக்கி எத்தனை, தார்ப்பாய்க் கயிறு எங்கே முடியும், நெற்றியில் எந்தத் தெய்வத்தின் துணை எழுதப்பட்டது என்பவை வண்டிக்கு வண்டி மாறும். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் உண்டு. கடைப் பொம்மைகளிலோ பெரும்பாலும் ஒன்றே இருக்கும். சுமை ஏற்றிய லாரியின் பின்பக்கத்துப் பட்டைவில் தட்டையாகும். வெறும் லாரியில் அது வளைந்து நிற்கும். மூட்டைகளை அடுக்கிவிட்டு வில்லை வளைத்தே வைத்தால், அம்மூட்டைகளுக்குள் பஞ்சுதான் உள்ளது என்று பார்ப்பவர் நகைப்பர்.

ஆகவே, பொதுவாக 'ஒரு லாரி' செய்கிறேன் என்பது போதாது. எந்த ஊரில், எந்த ஆண்டில் ஓடிய எந்த லாரி என்று துணிதல் வேண்டும். துணிந்தபின் மூலத்தைத் தேடிச் செல்லுதல் வேண்டும். ஓடும் வண்டியானால் அளவுகோலும் குறிப்பேடும் கொண்டு, உரியவர் இசைவு பெற்று அளக்கலாம். பழைய வண்டியானால், கோயம்புத்தூரில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களிற் காணலாம். குடும்பத்துப் பழைய திருமணப் புகைப்படங்களின் பின்னணியிலே எத்தனையோ கார்களும் பேருந்துகளும் நிற்கும். அப்படத்தின் ஆண்டைப் பெரியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவ்வண்டியை ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் நினைவு எழுதப்படாத ஏடு; அது நம் கண்முன் தேய்ந்து வருகின்றது. பிறர் செய்த மாதிரியைப் பார்த்து மாதிரி செய்வது மட்டும் ஆகாது. படியைப் பார்த்துப் படி எழுதிய ஏட்டில் பிழை பெருகியதைத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் நன்கு அறிவர். ஏட்டுக்கு நேர்ந்தது வண்டிக்கும் நேரும்.

எவ்வளவு தேடினும் சில செய்திகள் கிட்டாமற் போகலாம். அங்கே ஊகித்தே செய்தல் வேண்டும், அது குற்றமன்று. ஊகித்ததை மறைப்பதே குற்றம். செய்து முடித்த மாதிரியின் அடியில் ஒரு சிறு தாளை ஒட்டி, மூலம் எது, அளவு எவ்வாறு பெறப்பட்டது, எந்த உறுப்பு ஊகத்தாற் செய்யப்பட்டது என்று எழுதி வைத்தல் நன்று. என் அம்பாசிடரின் எண் பலகையை நான் அன்றே மாற்றினேன்; முகப்பை மாற்ற மேலும் ஒரு மாதம் ஆயிற்று. பிறகு அந்த முதியவரிடம் கொண்டு சென்று காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவின் மேல் ஒரு விரலை வைத்துச் சற்று நேரம் இருந்தார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் பெற்றதில்லை.

திருநின்றவூருக்கே மீண்டும் வருவோம். காஞ்சியிலே காடவர் கோமான் பெரிய கற்றளி ஒன்றைக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இவனே கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்தில் நாளை யாம் புகுவோம். உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என்று இறைவன் கனவிற் கூறியதாகச் சேக்கிழார் உரைக்கின்றார். கைலாசநாதர் கோயிற் கல்வெட்டும், இக்கலியுகத்திலே வான்மொழி கேட்ட மன்னன் என்று இராசசிம்மனை வியந்து போற்றுகின்றது. வானொலியிற் பேசும் எனக்கு அக்கல்வெட்டின்மேல் ஒரு தனிப் பற்று உண்டு.

மன்னன் திருநின்றவூருக்கு விரைந்து வந்து, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்று ஊரார் கூறினர். பின்னர், பூசலாரிடமே சென்று உண்மை அறிந்து, நிலமுற விழுந்து வணங்கினான். கல்லால் எழுந்த கோயிலுக்கு ஒப்பாக மனத்தால் எழுந்த கோயில் மதிக்கப்பட்டது எதனால்? அடிநிலை முதல் தூபி வரை ஓர் உறுப்பேனும் விடாமல், ஒரு முழமேனும் பிசகாமல் அது எழுந்ததனால் என்று நான் கருதுகின்றேன். யாரும் பார்க்கவில்லை என்பதைப் பூசலார் ஒரு சலுகையாகக் கொள்ளவில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் மேசைமேல் உள்ள சிறு லாரியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் அச்சும், பட்டைவில்லும், சக்கரத்தின் உட்புறமும் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது? அவ்விடம் வெறுமையாக இருந்தால், அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒரு முறை தெருவுக்குச் சென்று வாருங்கள். இன்று அங்கே நிற்கும் வண்டி நாளை நிற்கப்போவதில்லை.